பத்தொன்பதாவது இடத்தில் ஈ இல்லை

உங்கள் மேசையின் இடது பின்கால் ஆடுகிறது. பலகையில் குறை இல்லை. காலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஸ்குரூ டிரைவர் கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. கொடுக்க மாட்டீர்கள், தெரியும். என் கையில் கூரான சாமான் எதையும் கொடுக்கக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். பரவாயில்லை, ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வையுங்கள். வாக்குமூலத்தை இவர் எழுதும்போது எழுத்து கோணாது.

சொல்கிறேன் அம்மா. ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் மூன்று விஷயம் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். ஒன்று, இவர் எழுதி முடித்ததும் ஒரு வரி விடாமல் எனக்குப் படித்துக்காட்ட வேண்டும். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடுத்தவன் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, கேள்வி கேட்கும்போது வாயைத் திறந்து கேளுங்கள். எழுதுகிறாரே, இவர் பேசுவது எனக்குச் சுத்தமாகப் புரிகிறது. நீங்கள் பாதி வார்த்தையை வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். என் மகளும் அப்படித்தான்.

மூன்றாவது அவளைப் பற்றித்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உன் புருஷன் சாவுக்குக் கணக்குத் தீர்க்கத்தான் உன் அப்பா இதைச் செய்தார் என்று நீங்கள் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது வேறு. காக்கிச் சட்டை போட்டவர்கள் சொன்னால் அது வேறு. எனக்கு இனி தூக்கோ ஆயுளோ எதுவானாலும் ஒன்றுதான். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மட்டும் மாறக் கூடாது.

சரி, எழுதச் சொல்லுங்கள்.

என் வேலை தட்டுவது. பொறியியல் கல்லூரியில் அதிர்வு ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருக்கிறது, பேராசிரியர் சாருடையது. பாலம், கூரை, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கால், ஆலைகளில் ஓடுகிற பெரிய விசிறி, எதுவானாலும் அது எப்படி நடுங்குகிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று அதன் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதைப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு வெளிநாடெல்லாம் போய்ப் பேசுவார். நான் அங்கே முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர். இரும்பில் ஓட்டை போடுவேன், சட்டம் கட்டுவேன், கருவிகளை மாட்டுவேன். அதெல்லாம் எந்த ஃபிட்டரும் செய்வான். எனக்குக் காது இருந்தது.

நல்ல வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டினால் ணங்கென்று ஒரே குரலில் சொல்லி, மெல்லத் தேய்ந்து அடங்கும். உள்ளே விரிசல் இருந்தால் அந்தக் குரலுக்குப் பின்னால் மெல்லிசாக இன்னொன்று வரும். தீப்பெட்டிக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம். விரிசலின் இரண்டு உதடும் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் அது. சேர்ந்த புதிதில் ஒருநாள் "இதுக்குள்ள ஈ இருக்கு சார்" என்றேன். சார் அப்போது இளைஞர், தலை நிறைய முடி. சிரிக்கவில்லை. அந்தத் துண்டை அறுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே மயிரிழை மாதிரி விரிசல். அன்றிலிருந்து ஆய்வுக்கூடம் முழுக்க அதற்குப் பேர் ஈதான். பெரிய பெரிய படிப்புப் படிக்க வருகிறவர்கள்கூட "ஈ பிடிக்கப் போகிறோம்" என்றுதான் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள்.

எனக்கு அவர்கள் வைத்த பேர் டாக்டர். நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இரும்பைத் தட்டுகிறேன் என்று. அந்தக் கட்டிடத்தில் ஆராய்ச்சி எழுதாமலே டாக்டர் ஆனவன் நான் ஒருவன்தான். இப்போது அங்கே ஆராய்ச்சி செய்கிற கண்ணாடிக்காரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தவள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிற வழக்கம் உண்டு, வாய் திறந்திருந்தால் காது நன்றாகத் திறக்கும். "டாக்டர், ஈ உள்ள போயிடப் போகுது, வாயை மூடிக்கிட்டுத் தட்டுங்க" என்பாள். கெட்ட பெண் இல்லை. ஆனால் அவளும் வாய்க்குள்தான் பேசுவாள்.

சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார். அவரைவிட நான் மூன்று வயது மூத்தவன், அதனால் அண்ணே என்பார். "ஈ இருக்கா அண்ணே?" என்று கேட்பார். நான் இருக்கு என்றால் இருக்கு. இல்லை என்றால் இல்லை. கருவி சொல்வதும் நான் சொல்வதும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறப்பார். ஒத்துப்போகாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. படித்த மனுஷர் ஒருத்தர் படிக்காதவன் வாயைப் பார்த்துக்கொண்டு பேனாவோடு நிற்பது சின்ன விஷயம் இல்லை. நான் அதை மறுக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தின் கோடியில் ஓசையில்லா அறை இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சுவர், கூரை, எல்லாப் பக்கமும் முழ நீளத்துக்குப் பஞ்சு ஆப்புகள். தரை கிடையாது, கம்பி வலைமேல்தான் நடக்க வேண்டும். உள்ளே பேசினால் சொல் வாயை விட்டு வெளியே வந்ததுமே செத்துவிடும். கதவு ஒரு அடி கனம். உள்ளே குண்டே வெடித்தாலும் வெளியே தெரியாது, வெளியே வெடித்தாலும் உள்ளே தெரியாது. அதனால் இரண்டு ஏற்பாடு. கதவில் "சோதனை நடக்கிறது" என்று பலகை தொங்கினால் யாரும் திறக்கக் கூடாது, துணைவேந்தரே வந்தாலும். உள்ளே இருப்பவருக்கு வெளியே வர வேண்டுமென்றால் சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் வெளியே என் மேசைமேல் மணி அடிக்கும், நான் போய்த் திறப்பேன். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. கைப்பிடி வைத்தால் அதுவே சத்தம் போடும் என்று சார் வைக்கவில்லை.

முன்பு அந்த மணி பித்தளை மணி. அடித்தால் கட்டிடமே எழுந்து உட்காரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒன்றை மாட்டினார்கள். பிள்ளைகள் அதற்குச் சிட்டு என்று பேர் வைத்தார்கள். அது வந்த பிறகு உள்ளே போகிறவர்கள் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கண்ணாடிக்காரிதான் எங்கிருந்தாவது ஓடிவந்து திறப்பாள். எனக்கும் வேலை குறைந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நியாயமாகச் சொல்ல வேண்டும். இரும்பு இப்போது நன்றாக வருகிறது. முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு ஈயாவது அகப்படும். இந்த ஐந்து வருஷத்தில் என் காதில் ஒரு ஈ கூட விழவில்லை. கருவிதான் அங்கே இருக்கிறது இங்கே இருக்கிறது என்று சும்மா கத்திக்கொண்டிருந்தது. சாரும் பாவம், ஒவ்வொரு தடவையும் கழற்றி மறுபடி மாட்டச் சொல்வார். கருவிக்கு வயதாகிவிட்டது என்று அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

இனி பாலம். ரயில் பாதைக்கு மேலே, நிலையத்திலிருந்து பிஸ்கட் ஆலைக்குப் போகிற இரும்பு நடைபாலம். அதைச் சோதிக்கச் சொல்லி எங்களிடம் வந்தது. கோடை உச்சம். இரும்பில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். இருபத்து நான்கு இடத்தில் வில்லை மாட்ட வேண்டும். வில்லை என்றால் நடுக்கத்தை அளக்கிற சென்சார், மாத்திரை மாதிரி சின்னதாக இருக்கும். பெயிண்டைச் சுரண்டி, ஓட்டை போட்டு, மரை வெட்டி, திருகித்தான் மாட்ட வேண்டும் என்பது சாருடைய சட்டம். ஆய்வுக்கூடத்துக்குள் என்றால் தேன்மெழுகால் ஒட்டிவிடலாம். வெயிலில் கூடாது. மெழுகு இளகினால் மெல்லிய சத்தமெல்லாம் அதிலேயே அமுங்கிப்போகும், வில்லைக்கு எட்டாது.

பத்தொன்பதாவது இடம் பாலத்தின் வயிற்றில், தண்டவாளத்துக்கு நேர் மேலே. தொங்கு பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே ஓட்டை போட வேண்டும். இரும்புத் தூள் கண்ணில் கொட்டும். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. மற்ற இருபத்து மூன்றையும் திருகித்தான் மாட்டினேன். இதை மட்டும் மெழுகால் ஒட்டினேன். வில்லையை நான் எப்போதும் பெரிதாக நினைத்ததில்லை. தட்டிக் கேட்க நான் இருக்கும்போது வில்லை எதற்கு. படுத்த வாக்கிலேயே சுத்தியலால் தட்டினேன், வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

மேலே ஏறி வந்ததும் சார் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டார். நான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். என்ன சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

என் மருமகன் அந்த பிஸ்கட் ஆலையில்தான் மெக்கானிக். அம்மா அப்பா இல்லாதவன். கல்யாணமான மறுமாதமே என் வீட்டுக்கு வந்துவிட்டான், வீட்டோடு மாப்பிள்ளை என்று நாலு பேர் கேலி பேசினால் "ஆமாங்க, வாடகை மிச்சம்" என்று அவனே சிரிப்பான். சாப்பிட உட்கார்ந்தால் என்னைச் சீண்டாமல் சோறு இறங்காது. "மாமா, உங்க பாலத்துல தினம் ரெண்டு தடவை போயிட்டு வர்றேன். இதுவரைக்கும் ஒரு ஈ கூடக் கடிக்கலை" என்பான். மகள் சிரித்துக்கொண்டே அவன் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். "அவரைத் தட்டச் சொல்லு, எனக்குள்ள ஈ இருக்கான்னு பாக்கட்டும்" என்பான். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏழு மாதம் கழித்து மத்தியானம் இரண்டு மணிக்குப் பாலம் விழுந்தது. ஷிப்ட் மாறுகிற நேரம். போகிறவர்களும் வருகிறவர்களும் நடுப்பாலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நேரம். நடுத்துண்டு கதவு திறக்கிற மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கி, அப்புறம் பிய்த்துக்கொண்டு தண்டவாளத்தில் விழுந்ததாம். பதினாலு பேர். மருமகன் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் கிடந்தான். கம்பி விலா வழியாக உள்ளே போய் முதுகில் வந்திருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, அப்படியே இருந்தது. அடையாளம் காட்ட நான்தான் போனேன். கையில் மாவு ஒட்டியிருந்தது. கழுவிவிட்டுக் கிளம்பக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

அங்கே நிற்கும்போதே அறுந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். நான் பார்க்காமல் யார் பார்ப்பார்கள். பத்தொன்பதாவது இடம். உடைந்த முகத்தில் மூன்று விரல் அகலத்துக்குப் பழைய துரு, காப்பிப்பொடி நிறத்தில். மீதி புதிதாகப் பளபளவென்று இருந்தது. புதிது அன்றைக்கு உடைந்தது. துரு பிடித்தது ஒரு வருஷத்துக்கு மேல் திறந்து கிடந்த விரிசல். இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம்.

பதினாறாம் நாள் மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கக் கேட்டாள்.

"அப்பா, அந்தப் பாலத்தை நீங்கதானே தட்டிப் பாத்தீங்க?"

"ஆமா."

"என்ன சொன்னீங்க?"

"ஈ இருக்குன்னு சொன்னேன்மா. அவரு கேக்கலை. கருவியில ஒண்ணும் காட்டலைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். என்னைக் குத்தம் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினாள் என்றுதான் அர்த்தம். இல்லாவிட்டால் புருஷனைப் பறிகொடுத்தவள் தினமும் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாளா.

அம்மா, நீங்கள் இவரிடம் ஏதோ சொன்னீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். சரி, வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். கண்ணாடிக்காரி வகுப்புக்குப் போய்விட்டாள். சார் என்னை ஓசையில்லா அறைக்குக் கூப்பிட்டார். வெளியே திறந்துவிட ஆள் இல்லாததால், கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு நாற்காலி, எதிரே ஒலிபெருக்கி, பக்கத்தில் மூன்றுகால் வைத்த மைக். என் கையில் ஒரு சுவிட்சைக் கொடுத்தார்.

"சத்தம் கேட்டா அமுக்குங்க அண்ணே. கேக்கலைன்னா அமுக்க வேண்டாம்."

"என்ன சார், எனக்கே பரீட்சையா?"

"சும்மா ஒரு தடவை பாத்துடலாம்."

முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் விரலைப் பார்த்து அமுக்கலாம் என்றால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சந்தேகப்படுகிறவன்தான் அப்படி நிற்பான். உத்தேசமாகச் சில தடவை அமுக்கினேன்.

முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார். ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று மலையுச்சியிலிருந்து குதிக்கிற மாதிரி விழுந்திருந்தது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். ஐந்து வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்குமாம். நான் ஈ இல்லை என்று சொல்லிக் கருவி இருக்கிறது என்று சொன்ன ஒன்பது இடத்தையும் எடுத்து மறுபடி பார்த்தாராம். ஒன்பதிலும் கருவி சொன்னதுதான் சரியாம். பத்தொன்பதாவது வில்லை மெழுகில் ஒட்டியிருந்ததை அன்று எடுத்த போட்டோவில் கண்ணாடிக்காரி கண்டுபிடித்துவிட்டாளாம்.

கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முழங்காலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி வாயை அகலத் திறந்து சொன்னார்.

"தப்பு என்னோடது அண்ணே. உங்க காதை நான் எப்பவோ சோதிச்சிருக்கணும். உங்க மனசு நோகுமேன்னு விட்டேன். வியாழக்கிழமை விசாரணையில அப்படியேதான் சொல்லப் போறேன். பழியை நான் ஏத்துக்கறேன்."

"என் காதைப் பத்தியும் சொல்லுவீங்களா?"

"சொல்லாம எப்படி அண்ணே? பதினாலு பேரு."

"என் பொண்ணு அங்க வருவா சார்."

"தெரியும். அவ அங்க வந்து திடீர்னு கேக்க வேண்டாம். இன்னைக்குச் சாயங்காலம் நானே வீட்டுக்கு வந்து பக்குவமா சொல்றேன்."

பக்குவமாக. யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, உன் அப்பா செவிடு, உன் புருஷனைக் கொன்றது அந்தச் செவிடுதான், ஆனால் அவரை மன்னித்துவிடு என்று என் மகளிடம் பக்குவமாகச் சொல்வாராம். அவர் பெரிய மனுஷர் ஆவார். நான் என்ன ஆவேன்? முப்பத்திரண்டு வருஷம் என் வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், ஒரு தாளைக் காட்டி என் காதை அறுத்துவிட்டார்.

சொல்லிவிட்டு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி, குனிந்து ஒலிபெருக்கியின் ஒயரைச் சுருட்டினார். சுத்தியல் எப்போதும் போல என் மேல்சட்டைப் பையில் இருந்தது. அரைக் கிலோத் தலை, கைப்பிடி நானே செதுக்கியது.

முதல் அடி வலது காதுக்கு மேலே. இரும்பைத் தட்டுகிற வேகம் போதாது என்று தெரியும், அதனால் தோளிலிருந்து கொண்டுவந்தேன். அந்த அறையில் எதற்கும் எதிரொலி கிடையாது. ஈரத்துணி கை தவறி விழுந்த மாதிரி இருந்தது. அவர் மண்டியிட்டார், கை வலையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பின்மண்டையில். அதில் எலும்பு உள்வாங்கியது கைப்பிடி வழியாகவே தெரிந்தது. விரிசல் விட்ட பொருளைத் தட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எந்த இடத்தையும் மூன்று தடவை தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு தடவை தட்டியதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

ரத்தம் வலைக்கண் வழியாகக் கீழே இருக்கும் பஞ்சில் சொட்டியது. பஞ்சு நன்றாக உறிஞ்சும். கிராஃப் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். வெளியே வந்து, கட்டையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பலகையை மாட்டினேன். சுத்தியலைக் கழுவி, துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் போட்டேன். மணி பன்னிரண்டு அடித்திருந்தது. என் மேசையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். மகள் கட்டிக் கொடுத்தது, வீணாக்க மனசு வரவில்லை. ஒரு மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், நான் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பலகை தொங்கியதால் நாலு மணிவரைக்கும் ஒருத்தரும் திறக்கவில்லை. நல்ல பிள்ளைகள். சட்டத்தை மதிக்கிறவர்கள்.

இவ்வளவுதான். ஆமாம், ஒன்று பாக்கி இருக்கிறது. பாலத்தில் சார் கேட்டபோது என்ன சொன்னேன் என்று பிறகு சொல்வதாகச் சொன்னேன் அல்லவா.

"ஈ இருக்கா அண்ணே?" என்று கேட்டார். "இல்ல சார், சுத்தம்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஈ இல்லை. ஈ இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். துருவையெல்லாம் யாராவது பூசிக்கூட வைத்திருக்கலாம். ஆனால் இதை மகளுக்குப் புரியவைக்க முடியாது, அவளுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவளுக்கு வேறு மாதிரி சொன்னேன். நீங்களும் அவளுக்கு வேறு மாதிரியே சொல்லுங்கள்.

என்ன காட்டுகிறீர்கள்? எனக்குப் படிக்க வராது, இவரையே படிக்கச் சொல்லுங்கள்.

சரி. மைக் ஓடிக்கொண்டிருந்ததா. எனக்குத் தெரியாது. அணைத்துவிட்டார் என்று நினைத்தேன். அடித்ததெல்லாம் பதிவாகியிருக்கிறது, இருக்கட்டும், நானே சொல்லிவிட்டேனே. அப்புறம்? நான் கதவைச் சாத்திய பிறகு அவர் ஐம்பது நிமிஷம் உயிரோடு இருந்தாரா. வலையில் ஊர்ந்துபோய்ப் பொத்தானை அமுக்கினாரா. எத்தனை தடவை என்றீர்கள்? நாற்பத்தொன்று.

இது பொய். அவர் அமுக்கியிருந்தால் என் மேசையில் சிட்டு கத்தியிருக்கும். அது என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது. நான் அவ்வளவு நேரமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம் இல்லை. கத்தியிருந்தால் எழுந்து திறந்திருப்பேன். கோபத்தில் அடித்தது வேறு. கூப்பிடுகிற மனுஷனைக் கதவுக்குப் பின்னால் சாகவிட்டுச் சோறு தின்கிறவன் இல்லை நான். எழுதிக்கொள்ளுங்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை.

கண்ணாடிக்காரி அன்று காலையில் சோதித்துப் பார்த்தாளாம், சிட்டு வேலை செய்ததாம். அவள் எது வேண்டுமானாலும் சொல்வாள்.

என் மகளா? என் மகள் என்ன சொன்னாள்? இவரைச் சொல்லச் சொல்லுங்கள். மெதுவாக.

அப்பாவுக்குக் காது கேட்காது என்று அவளுக்கு அஞ்சாறு வருஷமாகத் தெரியுமாம். போன் அடித்தால் எடுக்க மாட்டார், குக்கர் விசில் அடித்தால் அணைக்க மாட்டார், வருத்தப்படுவார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லையாம். மாப்பிள்ளைக்கும் தெரியுமாம். ஈ இருக்கு என்று சொன்னேன் என்று நான் சொன்ன அன்றைக்கே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். நானே ஒருநாள் உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தாளாம்.

நீங்கள் அவளைப் பயமுறுத்தி இப்படிச் சொல்ல வைத்திருக்கிறீர்கள். வீட்டில் போன் அடிப்பதே இல்லை. குக்கர் பழசு.

அது என்ன உறையில்? ஓ, சிட்டு. என் மேசையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டீர்களா. பேட்டரியும் போட்டிருக்கிறீர்கள். அமுக்குங்கள், அமுக்கிப் பாருங்கள். உங்களுக்கே தெரியட்டும்.

அமுக்குங்கள் என்றேனே அம்மா. விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் எப்படி? இவர் எதற்குப் பேனாவைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்துகிறார்? வாசலில் நிற்கும் காவல்காரர் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார்? எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறீர்கள். கொடுங்கள் இப்படி. நான் காதோடு வைத்து, வாயைத் திறந்து, முறையாகக் கேட்டுச் சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் இதே வேலை செய்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். சுத்தம். ஈ இல்லை.